சத்தமில்லாமல் கீழே வைத்தவள்

உங்கள் வகுப்பில் எடையைத் தூக்கி முடித்ததும் சத்தமே இல்லாமல் கீழே வைக்கிற பெண் ஒருத்தி வந்தால், அவளைப் பாராட்டுவதற்கு முன்னால் என்னை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நான் பாராட்டினேன். ஆறு வாரம், எல்லோர் முன்னாலும், வாயாரப் பாராட்டினேன். அந்தப் பாராட்டில் அவள் முதுகு போகப் பார்த்தது.

இந்த மாடியை உங்கள் நாலு பேரிடமும் ஒப்படைத்துவிட்டு நான் வீட்டில் உட்காரப் போகிறேன். எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது பழைய பளுதூக்குகிறவளின் தேய்ந்த முழங்காலும், பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருபத்தெட்டு வருஷம் கத்திய தொண்டையும்தான். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, திருத்தங்கலில் இந்த அச்சகத்தின் மாடியைப் பிடித்துப் பெண்களுக்கென்று ஜிம் ஆரம்பித்தேன். இதற்குள் நான் செய்த தப்புகளை எழுதினால் கீழே இருக்கிற மிஷின் ஒரு வாரம் ஓட வேண்டும். அதனால் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிற தப்பு அதுதான். அதேபோல, நல்லபடியாக முடிந்ததே என்று அதிகம் நிம்மதிப்பட்டதும் அதற்காகத்தான்.

மாரீஸ்வரி முதல் நாள் வந்தது சித்திரை வெயிலில். படியேறி வந்தவள் வாசலில் நின்றாள். வலது உள்ளங்கையை நிலைச் சட்டத்தில் அழுத்தி வைத்து, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் உள்ளே கால் வைத்தாள். நிலைக்கு மேலே இருக்கன்குடி மாரியம்மன் படம் மாட்டியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். பெயரும் மாரி, தொட்டுக் கும்பிடுவதும் மாரியை, பக்தியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். தினமும் அவள் அப்படித்தான் வந்தாள். தினமும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் தோளில் ஒரு நீளமான பை. உள்ளே கோல்ஃப் மட்டைகள்.

கோல்ஃப் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், வசதியானவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு புல்லில் நடப்பார்கள் என்பதுதான். இந்தப் பெண்ணோ விஸ்வநத்தத்துக்காரி. அம்மா காளியம்மா இன்றைக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறவர். மாரியும் பதினெட்டு வயதில் அம்மாவோடு அங்கே சேர்ந்து, ஒன்பது வருஷம் மருந்து ரூமில் இருந்திருக்கிறாள். வெடிமருந்தைக் குழலுக்குள் அடைக்கிற அறையைத்தான் இங்கே மருந்து ரூம் என்போம். அப்புறம் ஒரு சொந்தக்காரி கூப்பிட்டாள் என்று கொடைக்கானல் போய், அங்கே கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலையில் சேர்ந்தாள். யாரோ கழித்துப்போட்ட மட்டையை எடுத்து, வேலை முடிந்த பிறகு ஓரமாக நின்று பந்து அடித்திருக்கிறாள். அதைப் பார்த்த ஒரு அம்மாள் கோபப்படுவதற்குப் பதிலாகத் தன் பழைய மட்டைகளைக் கொடுத்து ஆட வைத்தார். மூன்றாவது வருஷம் அந்த அம்மாளையே இவள் ஜெயித்துவிட்டாளாம்.

புல் வெட்டும் ஒப்பந்தம் முடிந்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மலையில் இருக்கிற ஒரு ஓட்டலில், தங்க வருகிற பெண்களுக்கு கோல்ஃப் சொல்லித்தர ஆள் கேட்டார்கள். இவளை எடுத்துக்கொள்ளத் தயார். ஒரே நிபந்தனை, ஆட்டத் தேர்வில் தேற வேண்டும். கோயம்புத்தூரில் இரண்டு நாள் ஆட்டம், நாளைக்குப் பதினெட்டுக் குழி. சொன்ன எண்ணிக்கை அடிகளுக்குள் முடித்தால் வேலை. தாண்டினால் இல்லை. தேர்வுக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தது. அதற்குள் கம்பெனியிலிருந்து போர்மேன் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். சீசன் ஆர்டர் கூடிவிட்டது, மருந்து ரூமில் ஆள் பத்தவில்லை, மாரி எப்போது வருவாள் என்று.

ஆக, அவள் முன்னால் இருந்தது இரண்டே கதவு. ஒன்று ஓட்டல், இன்னொன்று மருந்து ரூம்.

கொடைக்கானலில் அவளுக்கு ஆட்டம் பார்த்துச் சொன்ன பயிற்சியாளர் எனக்கு போனில் செய்தி அனுப்பியிருந்தார். கை அபாரம், குழி பக்கத்தில் வந்துவிட்டால் இவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் பந்து தூரம் போகவில்லை, அடிக்கடி முதுகு வலிக்கிறது, இடுப்பில் பலம் இல்லை, பலமும் நிலைப்பும் ஏற்றி அனுப்புங்கள் என்று. நானும் சரி என்று தலையாட்டினேன். ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு ஆளைப் பார்ப்பது எவ்வளவு சௌகரியம் என்று உங்களுக்கும் போகப் போகத் தெரியும்.

அவளைத் தூக்க வைத்தேன், ஒற்றைக் காலில் நிற்க வைத்தேன், பலகை மாதிரிக் கிடக்க வைத்தேன். சொன்னதையெல்லாம் செய்தாள். ஒற்றைக் காலில் நின்றால் நான் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அசைய மாட்டாள். எடையை இறக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். பூனை நடக்கிற மாதிரி கீழே வந்து உட்காரும், சின்னச் சத்தம் வராது. மற்ற பெண்கள் டமார் டமார் என்று போடும்போதெல்லாம், "மாரியப் பாத்துக் கத்துக்கங்க" என்று திட்டுவேன். அவள் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அவள் மட்டையை ஓங்கிச் சுழற்றி வருவாள், அழகாக இருக்கும். பந்தில் படுகிற இடத்தில் ஏதோ நடக்கும். அதற்குப் பிறகு மட்டை தோளைச் சுற்றிப் போய் முதுகில் விழ வேண்டும் என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். இவளுக்கு நெஞ்சோடு நின்றுவிடும். பலம் பத்தவில்லை, அதனால்தான் சுற்றி முடிக்க முடியவில்லை என்று இன்னும் கொஞ்சம் எடையைக் கூட்டினேன்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. இங்கேதான், அந்த ஜன்னல் பக்கம். பந்தில்லாமல் சும்மா மட்டையைச் சுழற்றிக் காட்டச் சொன்னேன். மூன்றாவது சுழற்றலில் அப்படியே நின்றாள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. மட்டையை அந்த நிலையிலும் மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், ஒரு பிள்ளையும் என் கண்ணெதிரில் இப்படி விழுந்ததில்லை. விருதுநகருக்குக் காரில் கூட்டிப்போனோம். வழி நெடுக அவள் கேட்டது ஒன்றுதான்.

"தேர்வுக்குள்ள சரியாயிருமா டீச்சர்?"

தெரியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, முதுகெலும்புத் தட்டு நகரவில்லை, தசை பிடித்துக்கொண்டிருக்கிறது, பத்து நாள் ஓய்வு போதும் என்றார். அந்த நாற்காலியில் நான் விட்ட மூச்சு வெளியே காத்திருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். ஆனால் டாக்டர் என்னைச் சும்மா விடவில்லை. இந்தப் பெண்ணுக்கு இடுப்பில் பலம் இல்லை என்று யார் சொன்னது என்று கேட்டார். இவ்வளவு இறுகின முதுகை அவர் மூட்டை தூக்குகிறவர்களிடம்தான் பார்த்திருக்கிறாராம்.

"இன்னும் பலம் ஏத்தாதீங்க. இருக்கிற பலம் எதைப் புடிச்சு நிறுத்துதுன்னு மொதல்ல பாருங்க" என்றார்.

என் ஆறு வாரக் கணக்கு அங்கேயே விழுந்துவிட்டது. பலம் இல்லாததால் வலி என்று நினைத்து நான் ஏற்றிக்கொண்டே போனேன். பலம் இருந்ததால்தான் வலி. ஆனால் அது எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஸ்கூட்டி ஓட்டும்போது, குளிக்கும்போது, அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து, மனசு கேட்காமல், பழம் வாங்கிக்கொண்டு விஸ்வநத்தத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். மாரி பாயில் படுத்திருந்தாள், வலி நன்றாகக் குறைந்திருந்தது. மட்டைப் பை வீட்டுக்கு வெளியே, கொல்லைச் சுவரோரம் சாக்குச் சுற்றி வைத்திருந்தது. இவ்வளவு இரும்பை வீட்டுக்குள் வைக்க அம்மாவுக்கு மனசு வராது என்று சொல்லிச் சிரித்தாள். இரும்பு உரசினால் பொறி பறக்கும், அதனால் கம்பெனியில் ஒரு ஆணிகூட உள்ளே போகக் கூடாது, பித்தளையும் மரமும்தான்.

கொஞ்ச நேரத்தில் காளியம்மா வேலை முடிந்து வந்தார். கையிலும் கழுத்திலும் வெள்ளி மாதிரி மருந்துத் தூள். வாசலில் நின்று, வலது உள்ளங்கையை நிலைச் சட்டத்தில் அழுத்தி வைத்தார். ஒரு மூச்சு விட்டார். பிறகு உள்ளே வந்தார்.

நான் நிலைக்கு மேலே பார்த்தேன். அங்கே சாமி படம் எதுவும் இல்லை.

அவர் பின்பக்கம் போய்க் குளித்துவிட்டு வந்து எனக்கு டீ போட்டார். டம்ளரை என் பக்கத்தில் தரையில் வைத்தார். சத்தம் வரவில்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார். சத்தம் வரவில்லை. அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் எந்தப் பாத்திரமும் எந்தப் பாத்திரத்தோடும் இடிக்கவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டில் யாரோ ஒரு தட்டைத் தவறவிட்டார்கள். சின்னத் தட்டுதான், சலங் என்று உருண்டது. காளியம்மா எடுத்த கை எடுத்தபடி நின்றார். பாயில் படுத்திருந்த மாரியின் உடம்பு அப்படியே விறைத்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கம் பார்த்தார்கள். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி பேச்சைத் தொடர்ந்தார்கள்.

டம்ளரைக் கீழே வைத்தேன். இது என்ன என்று கேட்டேன்.

"அது பளக்கம் டீச்சர்" என்றார் காளியம்மா. "சத்தம் கேட்டா மொதல்ல நிக்கணும். நின்னு பாத்துட்டுத்தான் எந்தப் பக்கம் ஓடணும்னு முடிவு பண்ணணும்."

நிலையைத் தொடுவதைப் பற்றிக் கேட்டேன். மருந்து ரூம் வாசலில் செம்புத் தகடு வைத்திருப்பார்களாம். உள்ளே போகும் முன்னால் உள்ளங்கையை அதில் வைக்க வேண்டும், உடம்பில் தேங்கியிருக்கிற மின்சாரம் இறங்க. மறந்துபோய் ஒரு நாள் உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்று எல்லா வாசலிலும் வைத்துப் பழகிவிட்டார்கள். அட கடவுளே, இதைத்தான் நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாரி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். "எதையும் கீழ போடக் கூடாது, எறியக் கூடாது, இழுக்கக் கூடாது, வெடுக்குன்னு திரும்பக் கூடாது. நான் சேந்த அன்னைக்கு அம்மா சொல்லிக் குடுத்தது அம்புட்டுதான் டீச்சர்."

பிள்ளைகளா, கோல்ஃப் அடி என்பது வேறு என்ன? வெடுக்கென்று திரும்பி, கையில் இருக்கிற இரும்பை முழு வேகத்தில் எறிவதுதான். அவள் ஒவ்வொரு முறை ஓங்கும்போதும் ஒன்பது வருஷத்துப் பழக்கம் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, வேண்டாம், நிறுத்து என்றிருக்கிறது. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறாள். அதுவும் நல்ல பிரேக். நான் ஆறு வாரம் உட்கார்ந்து அந்த பிரேக்கை இன்னும் இறுக்கிக் கொடுத்திருக்கிறேன். அவள் சத்தமில்லாமல் எடையை வைத்த ஒவ்வொரு முறையும் கை தட்டியிருக்கிறேன்.

காரணம் தெரிந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அடுத்த நிமிஷமே இன்னொரு கணக்கு மனதில் ஓடியது. இந்தப் பழக்கத்தை அவிழ்க்க எனக்குத் தெரியும். அவிழ்த்துவிடுகிறேன். அவள் தேர்வில் தோற்றுவிடுகிறாள். போர்மேன் மறுபடி ஆள் அனுப்புகிறார். பழக்கம் விட்டுப்போன கையோடு அவள் அந்த அறைக்குள் போகிறாள். அவள் பக்கத்தில் இன்னும் மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குழல் கைதவறினால்? இந்தப் பழக்கம்தான் அவளை ஒன்பது வருஷம் உயிரோடு வைத்திருந்தது. அதை எடுக்க நான் யார்?

வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். முதுகு சரியாகவில்லை, தேர்வு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என் மேல் பழி வராது. நம் தொழிலில் இந்த ஆசை அடிக்கடி வரும். நல்ல எண்ணம் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். மனதில் ஓடியதை அப்படியே அவர்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். பிரேக்கை எடுத்தால் அடி தூரம் போகும், ஆனால் எடுத்த பிறகு மருந்து ரூமுக்குத் திரும்பினால் என்னால் பொறுப்பேற்க முடியாது என்றேன்.

காளியம்மா விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பளக்கத்த இவளுக்கு ஊட்டுனதே நாந்தான் டீச்சர். கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனதும் நாந்தான். நீங்க எடுத்து விட்ருங்க. அவ அங்க திரும்பி வரக் கூடாது."

பிறகு மகளைப் பார்த்து, தோற்றாலும் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று இருக்கன்குடி ஆத்தா மேல் சத்தியம் செய்யச் சொன்னார். மாரி சத்தியம் செய்தாள். தோற்றால் எங்கேயாவது புல் வெட்டப் போவேன் என்றாள். எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. வீட்டில் உலை வைக்க வேண்டிய அவசரம் வந்தால் எத்தனை சத்தியம் நிற்கும் என்று இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாதா? ஆனால் முடிவு அவர்களுடையது. அதை எடுக்கத் தேவையான உண்மையை மறைக்காமல் கொடுப்பதுதான் என் வேலை.

ஓய்வு முடிந்து அவள் வந்தபோது தேர்வுக்கு நாலு வாரம் இருந்தது. எடையெல்லாம் ஓரம் கட்டினேன். ஒரு துணிப்பையில் மணல் கட்டி அவள் கையில் கொடுத்து, கீழே போடச் சொன்னேன்.

குனிந்து வைத்தாள்.

"வைக்கச் சொல்லல தாயி. போடு."

முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வியர்வை. எண்பது கிலோ தூக்குகிற விரல்கள், ஒரு படி மணலை விட மறுத்தன. நான் அவசரப்படுத்தவில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு விரல்களைத் திறந்தாள். தொப்பென்று விழுந்தது. அவள் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்து பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவலையே டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்போடு சிரிப்பாக அழுதுவிட்டாள்.

அதற்கப்புறம் இடுப்பு உயரம், தோள் உயரம். பிறகு பந்தை எடுத்துச் சுவரில் எறிவது. மூன்றாம் நாள் கீழே இருக்கிற பிரஸ் அண்ணாச்சி மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார். மேலிருந்து காரை உதிர்ந்து காலண்டர் தாளெல்லாம் பாழாகிறது, இங்கே என்ன நடக்கிறது என்று சத்தம் போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தங்கச்சியும் ஒரு காலத்தில் கம்பெனிக்குப் போனவர். மாரியை ஒரு தரம் பார்த்தார், குரல் தணிந்துவிட்டது.

"மிஷின் ஓடுற நேரமாப் பாத்துப் போடுங்க. கேக்காது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் அவரே பழைய ரப்பர் விரிப்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கீழே மிஷின் ஓட, மேலே இவள் எறிய, அந்த நாலு வாரமும் இந்தக் கட்டிடம் நிம்மதியாக நிற்கவே இல்லை. ஒரு நாள் மாரி வர நேரமாகிவிட்டது. என்ன டீச்சர், இன்றைக்குச் சத்தமே காணோம் என்று கீழேயிருந்து கேட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் போய் நின்று அடித்தோம். மட்டை பந்தைத் தொட்டது, நிற்காமல் போனது, தோளைச் சுற்றி முதுகில் விழுந்தது. பந்து கண்மாயைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் எங்கேயோ போய்விட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். மாரி முதுகைத் தடவிக்கொண்டாள்.

"வலிக்கலை டீச்சர்" என்றாள், யாரையோ புகார் சொல்கிற குரலில்.

அதே வாரம் அவள் இன்னொன்றும் சொன்னாள். வீட்டில் செம்பு கைதவறி விழுந்துவிட்டதாம், கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் கையிலிருந்து எதுவும் விழுந்ததே இல்லையாம். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி திரும்பிப் போக வழியில்லை என்று அந்தச் செம்பு எனக்குச் சொன்னது. போர்மேன் மூன்றாவது தடவையும் ஆள் அனுப்பியிருந்தார்.

கோயம்புத்தூருக்கு நான் போகவில்லை. போனால் என் முகத்தைப் பார்த்தே அவள் தோற்றுவிடுவாள். காளியம்மா நாலு நாள் லீவு சொல்லிவிட்டு மகளோடு போனார். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் போன் வந்தது, பரவாயில்லை டீச்சர் என்று மட்டும் சொன்னாள். பரவாயில்லை என்றால் என்ன என்று கேட்கத் துடித்தேன், கேட்கவில்லை. இரண்டாம் நாள் போனே வரவில்லை. நானாக அடித்தேன், அணைத்து வைத்திருந்தாள். தோற்றுவிட்டாள் என்று முடிவுகட்டிவிட்டேன். போர்மேனிடம் நேரில் போய் அவளை மருந்து ரூமில் விடாதீர்கள் என்று காலில் விழலாமா, பாக்கெட் ஒட்டுகிற வேலையாவது கேட்கலாமா என்று வரிசையாக யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலை பத்து மணி. வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நான் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், வாசலுக்கு முதுகு காட்டி. படியில் இரண்டு பேர் ஏறி வருகிற காலடி கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

படார் என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அத்தனை இரும்பு மட்டைகளும் பையோடு தோளிலிருந்து தரையில் விழுந்த சத்தம்.

நான் திரும்புவதற்குள் கீழேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "என்ன டீச்சர், ஜெயிச்சாச்சா?"

மாரி வாசலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள், நிலையைத் தொடாமல். ஜெயித்துவிட்டாள். சொன்ன எண்ணிக்கையில் இரண்டு அடி மிச்சம் வைத்து முடித்திருக்கிறாள். கடைசிக்கு முந்தின குழியில் நடுவே தண்ணீர், முன்பென்றால் சுற்றித்தான் போயிருப்பாள், நேராகத் தாண்டி அடித்தாளாம். போனில் சொன்னால் நான் நம்ப மாட்டேன் என்று அணைத்து வைத்தாளாம். அந்தப் பையைப் போட்டுக் காட்டுவதற்காகவே பஸ்ஸில் இரண்டு வண்டி மாறி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறாள். நான் அவளைத் திட்டினேன், கட்டிக்கொண்டேன், மறுபடி திட்டினேன். என் உடம்பிலிருந்து ஏதோ ஒரு மூட்டை இறங்கின மாதிரி, அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இனி அவள் கையிலிருந்து செம்பும் விழலாம், குடமும் விழலாம். ஒன்றும் ஆகாது.

காளியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாரி வேலையில் சேர்ந்ததும் அம்மாவையும் மலைக்குக் கூப்பிடுகிறாளாம்.

"இந்த சீசன் முடியட்டும் டீச்சர். தீவாளி கழிஞ்சு போயிருதேன்" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்தார். மாரி போட்ட பை நடுவழியில் கிடந்தது, யாராவது தடுக்கி விழுவார்கள் என்று நினைத்திருப்பார். குனிந்து இரண்டு கையாலும் எடுத்தார். மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார். உள்ளே இருந்த மட்டைகளில் ஒன்றுகூட இன்னொன்றோடு உரசவில்லை. சின்னச் சத்தம் வரவில்லை.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவருக்கு மருந்து ரூமில் வேலை இருந்தது.